எதிரியின் முன்னிலையில்: பரம் வீர் சக்ரா யாருக்கு, எவ்வாறு?

இந்தியாவின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம் வீர் சக்ரா, 1950 ஜனவரி 26 அன்று குடியரசுத் தலைவரின் அறிவிக்கை வழியாக ஏற்படுத்தப்பட்டது. காஷ்மீரில் அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்த போரும் அதன் வரம்புக்குள் வரவேண்டும் என்பதற்காக, 1947 ஆகஸ்ட் 15 முதலே அது நடைமுறையில் இருந்ததாகக் கொள்ளப்பட்டது. இதுவரை அதைப் பெற்றவர்கள் 21 பேர்; அவர்களில் 14 பேருக்கு மறைவுக்குப் பின்னரே வழங்கப்பட்டது. 1999 கார்கில் போருக்குப் பிறகு எவருக்கும் கிட்டவில்லை. ஏழு பதிற்றாண்டுகளுக்கும் மேலான காலத்தில் இத்தனை சிறிய எண்ணிக்கையைக் காண்பவர், வீரம் அவ்வளவு அரிது என்று எண்ணக்கூடும். உண்மையில் அந்த எண், எத்தனை வீரச் செயல்கள் பிறர் கண்ணில் பட்டு, எழுத்தில் ஏறி, அலுவலகப் படிகளைக் கடந்து, விதியின் சொற்களுக்குள் அடங்கின என்பதற்கான கணக்கு.

விதியின்படி, நிலத்திலோ கடலிலோ வானிலோ எதிரியின் முன்னிலையில் காட்டப்பட்ட தலைசிறந்த வீரத்துக்கோ தன்னுயிர்த் தியாகத்துக்கோ இவ்விருது உரியது. முப்படையினர், துணைப்படையினர், பிரதேச ராணுவத்தினர், ராணுவச் செவிலியர், படைகளின் ஆணைக்குக் கீழ் பணியாற்றும் குடிமக்கள் என அனைவரும், ஆண் பெண் வேறுபாடின்றி, தகுதி உடையவர்களே. ஆயினும் 21 பேரும் ஆண்கள். பதக்கத்தின் வடிவத்தை, ததீசி முனிவரின் எலும்பால் ஆனதெனப் புராணம் கூறும் வஜ்ராயுதத்தைக் கொண்டு அமைத்துக் கொடுத்தவர் மட்டும், சுவிட்சர்லாந்தில் பிறந்து இந்திய ராணுவ அதிகாரியை மணந்த சாவித்திரி கானோல்கர் என்ற பெண்மணி.

தேர்வு போர்முனையில் தொடங்குகிறது. ஏறத்தாழ 800 பேர் கொண்ட பட்டாலியன் எனும் படைப்பிரிவின் கட்டளை அதிகாரி, நேரில் கண்டவர்களின் வாக்குமூலங்களைக் கொண்டு பரிந்துரையை எழுத, அது பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட் ஆகிய மேல்நிலைகளைக் கடந்து தலைமையகத்தை அடைகிறது. அங்கிருந்து அது பாதுகாப்பு அமைச்சர், முப்படைத் தளபதிகள், பாதுகாப்புத் துறைச் செயலர் ஆகியோர் அமர்ந்த மத்திய கௌரவ, விருதுகள் குழுவுக்குச் செல்கிறது. அக்குழுவின் முடிவு பிரதமரின் வழியாகக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றபின், குடியரசு நாளிலோ சுதந்திர நாளிலோ வெளியாகிறது. இந்தப் பாதையில் பரம் வீர் சக்ராவுக்காக எழுதப்பட்ட பரிந்துரை, அடுத்த நிலையிலுள்ள மகா வீர் சக்ராவாகவோ அதற்கும் கீழான வீர் சக்ராவாகவோ இறங்கலாம். தாள் ஒன்றே மேலே செல்வதால், கட்டளை அதிகாரி எவ்வளவு துல்லியமாக எழுதுகிறார் என்பதும் ஒரு படைவீரனின் பெருமையை ஓரளவு நிர்ணயித்துவிடுகிறது என்பதை மறுக்க இயலாது.

விக்டோரியா கிராஸ் இவ்வகையில் ஒரு வியப்பான மாற்றை வைத்திருந்தது. 1856-இல் பிரிட்டன் ஏற்படுத்திய அவ்விருதின் விதிகள், ஒரு படைப்பிரிவு முழுவதுமே சம வீரம் காட்டியிருந்தால், விருதுக்குரியவரைப் படையினரே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க இடமளித்தன. 1857 எழுச்சியை அடக்கப் போரிட்ட பிரிட்டிஷ் படைகளில் பலர் அவ்வாறே தேர்வாயினர். அதே படைகளில் போரிட்ட இந்திய வீரர்களுக்கோ 1911 வரை அவ்விருதைப் பெறும் உரிமையே இல்லை. குடியரசு இந்தியா பிறப்பையும் பதவியையும் பாராத விதியை வகுத்துக்கொண்டது. தேர்வை மட்டும் மேலிருப்பவர்களிடமே விட்டுவைத்தது.

சாட்சிகளே இம்முறையின் வலிமையும் பலவீனமும் ஆவர். 1962 சீனப் போரில், நவம்பர் 18 அன்று லடாக்கின் ரெசாங் லா கணவாயில் மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் நின்ற குமாவோன் கம்பெனியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்து மீண்டவர்கள் மிகச் சிலர். 1963 பிப்ரவரியில் பனிக்கிடையே ஆயுதம் ஏந்திய நிலையிலேயே உறைந்து கிடந்த உடல்கள் கண்டெடுக்கப்பட்டபோதுதான், அங்கு நடந்ததை அந்தப் போர்க்களமே எடுத்துரைத்தது. அதே போரில் சிரிஜாப் காவல்நிலையைக் காத்த மேஜர் தன் சிங் தாப்பா இறந்துவிட்டார் என்று நம்பி, மறைவுக்குப் பிந்தைய விருதாகவே அவருக்குப் பரம் வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. அவரோ சீனர்களின் போர்க்கைதியாக உயிருடன் இருந்தார். 1999 கார்கில் போரின்போது டைகர் ஹில்லில் பல குண்டுகளைத் தாங்கிய 19 வயது யோகேந்திர சிங் யாதவுக்கும், அதே பெயர் கொண்ட மற்றொரு வீரர் மாண்டிருந்ததால், முதலில் அவ்வாறே அறிவிக்கப்பட்டது. அவர் மருத்துவமனையில் தேறிவந்தது பின்னரே தெரியவந்தது. முப்பத்தேழு ஆண்டு இடைவெளியில் மீண்டும் நேர்ந்த இப்பிழை, போர்முனைச் செய்திக்கும் தலைநகரின் தாளுக்கும் இடையிலான தொலைவை நன்றாகவே காட்டுகிறது.

சில வேளைகளில் எதிரியே சாட்சியாகிறான். டைகர் ஹில் போரில் மாண்ட பாகிஸ்தான் கேப்டன் கர்னல் ஷேர் கான் (கர்னல் என்பது அவருடைய பெயரின் பகுதி, பதவியன்று) போரிட்ட விதத்தைக் கண்ட இந்திய பிரிகேடியர் எம்.பி.எஸ். பாஜ்வா, அவருக்கு உரிய மதிப்பு கிட்டவேண்டும் என்று எழுதிய குறிப்பை உடலின் சட்டைப்பையில் வைத்து அனுப்பினார். பாகிஸ்தான் தன் மிக உயர்ந்த விருதான நிஷான்-இ-ஹைதரை அவருக்கு வழங்கியது.

படைகளுக்கிடையிலான பங்கீடும் இதே கோணத்தில் ஆராயத்தக்கது. 21 விருதுகளில் 20 தரைப்படைக்கு. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் ஆறு சேபர் விமானங்களை எதிர்கொண்ட நிர்மல் ஜித் சிங் செக்கோன் மட்டுமே விமானப்படையினர். கடற்படைக்கு ஒன்றும் இல்லை. அதே போரில் குக்ரி போர்க்கப்பல் மூழ்கியபோது வெளியேற மறுத்து அதனுடன் மாண்ட கேப்டன் மகேந்திரநாத் முல்லாவுக்குக் கிட்டியது மகா வீர் சக்ரா. தரைப்படையே பெரும்பாலான போர்களின் சுமையைத் தாங்கியது என்பது முதல் காரணம். எனினும், தனி மனிதன் முன்னேறிச் சென்று பதுங்குகுழியைக் கைப்பற்றும் செயலையே வீரத்தின் முழு வடிவமாகக் காணும் பழக்கமும் இதில் கலந்திருப்பதாகவே தோன்றுகிறது.

எல்லாவற்றினும் சிக்கலானது, யார் எதிரி என்ற கேள்வி. அயல்நாட்டுப் படையாகவே எதிரி இருக்கவேண்டும் என்பதில்லை: 1961-இல் ஐ.நா. அமைதிப்படையின் பகுதியாகக் காங்கோ சென்று கடாங்கா பிரிவினைப் படையினரோடு மோதி மாண்ட கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்கும், 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணப் பகுதியில் விடுதலைப் புலிகளின் பதுங்கித் தாக்குதலில் மார்பில் குண்டேந்தியும், சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்துத் திருப்பிச் சுட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கும் பரம் வீர் சக்ராவே வழங்கப்பட்டது. ஆனால் 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில் ஆயுதக் குழுவினரோடு போரிட்டு மாண்ட சென்னையைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக சக்ரா வழங்கப்பட்டது. அது, எதிரியின் முன்னிலையில் அல்லாத வீரத்துக்கு 1952-இல் ஏற்படுத்தப்பட்ட, அமைதிக்கால வரிசையின் மிக உயர்ந்த விருது. பரமேஸ்வரனும் முகுந்தும் தமிழர்கள். இருவரும் நேருக்கு நேர் துப்பாக்கிச் சூட்டில் வீழ்ந்தவர்கள். இருவரையும் இரு வரிசையில் நிறுத்தியது அவர்களுடைய செயலின் தன்மையன்று. உள்நாட்டில் நடப்பதைப் போர் என்று அழைக்க அரசு விரும்பாததே.

2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினரோடு நிகழ்ந்த கைகலப்பில் 20 இந்திய வீரர்கள் மாண்டபோது, துப்பாக்கிச் சூடும் இல்லை, அறிவிக்கப்பட்ட போரும் இல்லை. ஆயினும் 2021 ஜனவரியில் அவர்களுக்குரிய விருதுகள் போர்க்கால வரிசையிலேயே அறிவிக்கப்பட்டன: படைக்குத் தலைமை தாங்கிய கர்னல் சந்தோஷ் பாபுவுக்கு மகா வீர் சக்ராவும், ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி உள்ளிட்டோருக்கு வீர் சக்ராவும் கிட்டின. பரம் வீர் சக்ராவை எதிர்பார்த்ததாகவும், அறிவிப்பில் தமக்கு முழு நிறைவில்லை என்றும் சந்தோஷ் பாபுவின் தந்தை வெளிப்படையாகவே கூறினார். அவருக்கு விடையளிக்கும் கடமை எவருக்கும் இல்லை. விருதுடன் வெளியாவது வீரச் செயலின் விவரம் மட்டுமே, ஒரு விருதுக்கும் அடுத்த விருதுக்கும் இடையே குழு எங்கே கோடு கிழித்தது என்பது கோப்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது.