பாட்டியின் ஸ்வரப் புத்தகமும் பேரனின் கணிப்பொறியும்

காக்ஸ் டவுன் மார்க்கெட்டை அடுத்த தெருக்களிலும், கிழக்கு ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதிகளிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், சங்கீதம் பயின்ற பெண்மணி ஒருவர் இருந்த வீடாயின், அங்கே ஒரு பழைய நோட்டுப் புத்தகம் அநேகமாக இருக்கவே செய்யும். அட்டை கிழிந்திருக்கும், ஓரங்கள் பழுப்பேறியிருக்கும். முதற் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன்கீழ் ஸரளி வரிசை. அப்பால் ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று பாடம் ஏறிக்கொண்டே போகும். வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குடியேறியவர்களின் மக்கள் தம் கைப்பட எழுதி வைத்தவை அவை. இன்று பேரப் பிள்ளைகளின் கையில் அப்புத்தகம் ஊமையாகி நிற்கிறது. பள்ளியில் அவர்கள் கற்பன கன்னடமும் ஆங்கிலமும். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பாட்டும் பாடுகிறார்கள், பாட்டி எழுதியதைப் படிக்கத்தான் தெரியவில்லை.

இக்குறையைப் போக்குவதற்கு நூறு வரிக்கு உட்பட்ட ஒரு சிறு நிரல் போதும் என்பதே நாம் கூற வந்தது. ஸ்வரங்களைத் தட்டச்சிட்டுக் கொடுத்தால், தாளத்துக்குத் தக்கவாறு அவற்றைப் பிரித்து, கோடிட்டு, ஸ்தாயிப் புள்ளி வைத்து, எழுத்தாலேயே வரைந்து தரும் நிரல் அது. ஐந்து கோடுகளின் மேல் முட்டை முட்டையாக ஸ்வரம் எழுதும் மேனாட்டு முறைக்குக் கணிப்பொறி ஓவியனாக வேண்டியிருக்கிறது. அந்நாட்டாரும் இதனை உணர்ந்து, நாட்டுப்பாடல் மெட்டுகளை வெறும் எழுத்துகளால் குறிக்கும் 'ஏபிசி' முறையைக் கைக்கொண்டனர். அதனை வகுத்தவர் கிறிஸ் வால்ஷா என்பவர். நமக்கோ சங்கீதம் எழுத்திலேயே எழுதப்பட்டு வந்திருக்கிறது.

இது நேற்று வந்த வழக்கமன்று. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில், கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததென அறிஞர் கருதும் கல்வெட்டொன்று, ஏழு பகுதிகளாக ஸ்வரக் கோவைகளைக் கிரந்த எழுத்தில் தாங்கி நிற்கிறது. ஒரே ஸ்வரத்தின் எழுத்தோடு அ, இ, உ, எ என்னும் உயிர்களைச் சேர்த்து 'ர, ரி, ரு, ரெ' எனப் பொறித்து, நான்கு நான்காக அடுக்கியிருக்கிறார்கள். பாறையைத் தாளாகக் கொண்ட காலத்திலேயே கட்டம் பிரித்து எழுதும் எண்ணம் இருந்திருக்கிறது! பின்னாளில், 1893இல், சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனங்களை மேனாட்டுக் கோட்டு முறையில் அச்சிட்டார். அவருக்குத் துணைநின்ற எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரோ, 1904இல் தாம் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் எழுத்து முறையையே மேற்கொண்டார். தெலுங்கு எழுத்தில் அமைந்த அந்நூலைச் சென்னை மியூசிக் அகாதெமி பிறகு தமிழ் எழுத்தில் வெளியிட்டது. முதலியாரின் உழைப்பு பெரிதே. எனினும் நம் வீடுகளில் நிலைத்தது தீட்சிதரின் வழிதான்.

நிற்க. நிரலுக்கு வருவோம். பிள்ளைகள் இன்று பயிலும் மொழி பெரும்பாலும் பைத்தான். 1991இல் அதனை வெளியிட்டவர் கீடோ வான் ரோசம். 11ஆம் நூற்றாண்டில் மேனாட்டாருக்குக் கோட்டின்மேல் ஸ்வரம் எழுதக் காட்டிய துறவியின் பெயரும் கீடோதான். பெயர்ப் பொருத்தம் ஒருபுறம் இருக்க, இம்மொழியிடம் 'ரி' என்பதன் நீளம் யாது என்று வினவினால், இரண்டு என்று விடை கூறும். ரகரம் ஒன்று, இகரக் கொம்பு ஒன்று. யூனிகோடில் அவற்றுக்குத் தனித்தனி எண்கள். ஆகவே 'ஸ ரி க ம ப த நி' என்னும் ஏழையும் இடமின்றித் தட்டச்சிட்டால் அதன் கணக்கில் ஒன்பது ஆகிவிடும். தமிழில் எழுத்து என்பது யாது என்று முதலில் அதற்குக் கற்பிக்க வேண்டும். முத்தையா அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய 'ஓப்பன் தமிழ்' என்னும் கருவித்தொகுப்பு இவ்வேலையைச் செய்து தருகிறது. 'பதிப்பி', 'ஆனால்', 'முடி' என்று தமிழ்ச் சொற்களாலேயே கட்டளையிடும் 'எழில்' மொழியும் அவர் ஆக்கியதே.

எழுத்தை எண்ணினால் மட்டும் தாளம் அமையாது. மாத்திரையையும் எண்ண வேண்டும். இங்கே நம் இலக்கணம் கைகொடுக்கிறது. 'ஸ' குறில், ஒன்று. 'ஸா' நெடில், இரண்டு. காற்புள்ளி ஒரு கார்வை, அரைப்புள்ளி இரண்டு. இவ்வளவையும் ஓர் அட்டவணையாக எழுதிக்கொண்டால், ஆதி தாளத்து முதற்காலத்துக்கு நான்கு அட்சரம் கழித்து ஒரு கோடு, இரண்டு கழித்து ஒரு கோடு, மேலும் இரண்டு கழித்து இரட்டைக்கோடு என நிரலே இட்டுவிடும்:

ஸ ரி க ம | ப த | நி ஸ ||

இதில் எதிர்பாராத நன்மையொன்றும் உண்டு. 'ஸ, க , ம ப' என்று ஒரு வரி இருப்பின், ஆறே மாத்திரை, இரண்டு குறைகிறது என்று நிரல் உடனே காட்டிவிடும். ஒருவர் புத்தகத்தைப் பார்த்து மற்றொருவர் பெயர்த்தெழுதிய பாடங்களில் இத்தகைய விடுபாடுகள் மலிந்துள்ளன. விடுபட்டது எது என்பதை மட்டும் பாடத் தெரிந்தவரிடமே கேட்டறிய வேண்டும்.

அடுத்தது ஸ்தாயி. தாரஸ்தாயிக்கு எழுத்தின்மேல் புள்ளி வைப்பது வழக்கம். தமிழில் மேலே புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்தன்றோ? மேல் ஷட்ஜமும் 'ஸ்' என்னும் மெய்யும் கண்ணுக்கு ஒன்றே. பாடுகிறவர் மயங்கமாட்டார், கணிப்பொறி மயங்கும். ஆதலால், தட்டச்சிடும்போது மேல் ஸ்தாயிக்குக் கூட்டல் குறியும், கீழ் ஸ்தாயிக்குக் கழித்தல் குறியும் எழுத்தின் பின்னே இடுவது நலம். நிரல் அவற்றைப் பிரித்தெடுத்து, மேற்புள்ளிகளுக்கு ஒரு வரி, ஸ்வரத்துக்கு ஒரு வரி, கீழ்ப்புள்ளிகளுக்கு ஒரு வரி என மூன்று வரியாக வரையட்டும். தமிழ் எழுத்துகள் அகலத்தில் ஒத்தவை அல்ல. இடைவெளியை நம்பினால் புள்ளி எழுத்துக்கு நேரே நில்லாது. தட்டச்சுப் பொறியில் பழகியவர்கள் அறிந்த 'டாப்' நிறுத்தத்தை ஒவ்வோர் அட்சரத்துக்கும் இட்டால் வரிகள் நேராகும்.

இனி, பேரனுக்குரிய பகுதி. யூனிகோடில் தமிழும் கன்னடமும் ஒரே வரிசையில் அமைக்கப்பட்டுள்ளன. தமிழ் எழுத்தின் எண்ணோடு 256 கூட்டினால் அதற்கு நேரான கன்னட எழுத்து வந்துவிடும். ஸகரமும் ரிகரமும் மகரமும் பகரமும் நிகரமும் இவ்வாறே முறையாக மாறும். காந்தாரமும் தைவதமும்தான் சிக்கல். நாம் 'க' என எழுதி மென்மையாக ஒலிக்கிறோம், 'த'வும் அப்படியே. கன்னடத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் வேறு வேறு எழுத்துகள். 256 மட்டும் கூட்டினால் குழந்தை காந்தாரத்தைக் 'காக்கை'யின் ககரமாகப் படிக்கும். இவ்விரண்டுக்கு மட்டும் 258 கூட்டினால் சரியான எழுத்துக் கிடைக்கும். இச்சிறு விதிவிலக்கை அறியாத பொது எழுத்துமாற்றக் கருவிகளை ஸ்வரத்துக்குப் பயன்படுத்தலாகாது.

கன்னடத்தில் தந்துவிட்டால் பிள்ளை தமிழ் படிக்கவே மாட்டானே என்று அன்பர் சிலர் வருந்தக்கூடும். அவ்வச்சம் நமக்கும் உண்டு. ஆனால் புத்தகத்தைத் திறவாமலே இருப்பதினும் இது மேலன்றோ? தமிழ் வரி மேலே, கன்னட வரி கீழே என இரண்டையும் சேர்த்தே அச்சிடுக. நாள்தோறும் பாடுகிற பிள்ளைக்கு ஏழெழுத்துகள் ஒரு மாதத்தில் பழகிவிடும். சாகித்தியத்தைப் படிக்கும் ஆவல் அதன்பின் தானே பிறக்கக் காண்கிறோம்.

கமகத்தைப் பற்றி ஒரு சொல். தீட்சிதர் தம் நூலில் கம்பிதத்துக்கு அலைக்கோடும், ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் சாய்கோடுகளும் வைத்தார். இவை இன்றைய விசைப்பலகையிலேயே உள்ளன. விரும்பினால் நான்காவது வரியொன்று சேர்க்கலாம். சென்னை எம். சுப்பிரமணியன் உருவாக்கிய 'காயகா' என்னும் மென்பொருள், தட்டச்சிட்ட ஸ்வரங்களைக் கமகத்தோடு ஒலிக்கவும் செய்கிறது. எனினும் நம் வீட்டு நோட்டுகளில் கமகக் குறி பெரும்பாலும் இராது. இல்லாததை நாமாக இட்டு நிரப்ப வேண்டா. பாட்டி பாடக்கூடிய நிலையில் இருந்தால் பாடச் செய்து ஒலிப்பதிவாக எடுத்து, அச்சிட்ட தாளோடு வைத்துக்கொள்வதே முறை.

தொடங்குமுன் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைப்பது அவசியம். ராகப் பெயரை ஒருபோதும் விட்டுவிடலாகாது. மாயாமாளவகௌளையின் ரிஷபமும் சங்கராபரணத்தின் ரிஷபமும் தாளில் ஒரே 'ரி'யாகத்தான் நிற்கும். தலைப்பில் ராகம், தாளம், பாடம் சொன்ன ஆசிரியர் பெயர், எழுதிய ஆண்டு இவற்றைத் தெரிந்த அளவுக்குப் பதிக்கவும். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கும் பால் கணக்கையும் அழியாமல் விட்டுவைக்கவும்.