கோடை இசைக்கூடங்கள் – 6: அவசரமில்லாத ஏழு வாரங்கள்

சென்ற வாரம் பார்த்த மெடோமவுன்ட் பள்ளியில் பிள்ளைகள் தனித்தனி அறையில் கதவை அடைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சாதகம் செய்தார்கள். ஐவான் கலாமியன் 1944இல் தொடங்கிய அந்தப் பள்ளிக்கு, வயலினைத் தனியாக எடுத்து நின்று சபையை ஆளக்கூடிய ஒருவரை உருவாக்குவதுதான் குறி. ஏழு ஆண்டுகள் கழித்து, பக்கத்து மாநிலமான வெர்மான்ட்டில், அதற்கு நேர் எதிரான ஓர் இசைக்கூடம் பிறந்தது. மார்ல்பரோ. இந்தத் தொடரில் என் மனதுக்கு மிக நெருக்கமான இடம் இதுதான்.

மார்ல்பரோவின் கதை அமெரிக்காவில் தொடங்கவில்லை. 1933 ஏப்ரல் 1 அன்று, யூதர்களின் கடைகளில் யாரும் எதையும் வாங்கக்கூடாது என்று நாஜிகள் ஜெர்மனி முழுக்க ஆள் நிறுத்தி மறித்தார்கள். கச்சேரிக்காக அன்று பெர்லினில் இருந்த வயலின் கலைஞர் அடால்ஃப் புஷ் அதைக் கண்ணால் பார்த்தார். ஜெர்மானியர் பெருமையோடு சொல்லிக்கொண்ட கலைஞர் அவர், யூதரல்லர். நாஜிகளுக்கு அவர் வேண்டியவராகவே இருந்தார். ஆனால் அவர் ஜெர்மனியில் ஒப்புக்கொண்டிருந்த மற்ற கச்சேரிகளை எல்லாம் ரத்து செய்துவிட்டு, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். பிறந்த மண்ணில் தனக்கிருந்த மேடை, வருமானம், புகழ் எல்லாவற்றையும் தானாக விட்டவர்.

அந்த வீட்டில் இன்னொருவர் இருந்தார். பொஹீமியாவில் பிறந்த யூதப் பையன், பியானோ கலைஞர் ருடால்ஃப் செர்கின். பதினேழு வயதில் புஷ்ஷோடு சேர்ந்து வாசிக்க வந்தவர், அந்தக் குடும்பத்திலேயே ஒருவராக வளர்ந்து, பின்னால் புஷ்ஷின் மகள் ஐரீனை மணந்துகொண்டார். போர் மூண்டபோது குடும்பம் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அமெரிக்க மேடைகள் மருமகனைக் கொண்டாடின. மாமனாருக்கு ஐரோப்பாவில் இருந்த மதிப்பு அங்கே கடைசிவரை கிடைக்கவில்லை. நான்கு பேர் உட்கார்ந்து தங்களுக்குள் பேசிக்கொள்வதுபோல வாசிக்கும் இசைதான் புஷ்ஷின் உயிர். ஒற்றை நட்சத்திரத்தைத் தேடிய அமெரிக்க ரசிகர்களுக்கு அது அன்று பெரிதாகப் படவில்லை.

ஆகவே அந்த இசைக்கு ஓர் இடத்தை அவர்களே உண்டாக்கினார்கள். வெர்மான்ட் மலைப்பகுதியில் பழைய பால்பண்ணை ஒன்று, போருக்குப் பிறகு மார்ல்பரோ கல்லூரி என்ற சின்னஞ்சிறு கல்லூரியாக மாறியிருந்தது. கோடையில் மாணவர் இல்லாமல் காலியாகக் கிடக்கும். புல்லாங்குழல் மேதை மார்செல் மொயீஸ், அவர் மகன் லூயி, மருமகள் பிளான்ஷ் ஆகியோரும் அர்ஜென்டினாவிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார்கள். புஷ், அவர் தம்பி ஹெர்மன், செர்கின், மொயீஸ் குடும்பம் எல்லோரும் சேர்ந்து 1951 கோடையில் தொடங்கினார்கள். மறுவருடமே புஷ் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு 1991இல் தான் இறக்கும்வரை, மாமனாரின் கனவைத் தோளில் சுமந்தவர் செர்கின்தான்.

மேற்கத்திய இசைக்குழுக்களின் கச்சேரிக் காலம் இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தத்தோடு முடிந்துவிடும். கோடையில் பெரிய கலைஞர்களுக்கும் ஓய்வு, கல்லூரிகளுக்கும் விடுமுறை. அந்த இடைவெளியில்தான் இந்தத் தொடரில் வரும் எல்லா இசைக்கூடங்களும் முளைத்தன. ஆனால் பெரும்பாலான இடங்களில் பெரியவர் சொல்லித் தருவார், சிறியவர் வாசித்துக் காட்டுவார். மார்ல்பரோவில் பெரியவரும் கருவியை எடுத்துக்கொண்டு இளையவர்களின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். நாற்பது வருடம் உலக மேடைகளில் வாசித்த செல்லோ கலைஞரும், போன மாதம் படிப்பை முடித்த பெண்ணும் ஒரே நால்வர் குழுவில் இருப்பார்கள். எந்த ஸ்வரத்தை எப்படிப் பிடிப்பது என்று அந்தப் பெண்ணும் சொல்லலாம், அவர் கேட்டுக்கொள்ள வேண்டும். அனுபவத்துக்கு ஒரு கனம் இருக்கத்தான் செய்யும். பெரியவர் சொன்னால் எடுபடும்தான். என்றாலும் எதிரே நின்று திருத்துகிறவரிடம் கற்பதும், பக்கத்தில் உட்கார்ந்து தானும் தடுமாறி, திரும்ப முயல்கிறவரிடம் கற்பதும் ஒன்றல்ல. இளைய கலைஞருக்கு ஒருவர் தரக்கூடிய மரியாதைகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

அங்கே வருகிறவர்கள் யாரும் ஆரம்ப மாணவர்கள் இல்லை. கைத்திறனில் அவர்களுக்குக் குறை கிடையாது. அப்படியிருக்க, அரைமணி நேர இசைக்கு ஏன் வாரக்கணக்கில் பயிற்சி? அச்சிட்ட தாளில் ஸ்வரங்கள் எல்லாம் இருக்கின்றன. ‘சன்னமாக’ என்று பீத்தோவன் குறித்திருக்கிறார். எவ்வளவு சன்னம்? அந்த நேரத்தில் மெட்டு வியோலாவிடம் இருந்தால், போட்டிகளில் முதல் பரிசாக வாங்கிக் குவித்த வயலின்காரர் தன் நாதத்தை எந்த அளவுக்கு அடக்கினால் வியோலா கேட்கும்? வாசிப்பு ஓர் இடத்தில் நிற்கிறது, திரும்பத் தொடங்க வேண்டும், நடத்துநர் கிடையாது. யாருடைய மூச்சைப் பார்த்து நால்வரும் ஒரே நொடியில் வில்லை இழுப்பது? இதற்கெல்லாம் விடை தாளில் இல்லை. நால்வரும் வாசித்து, வாதாடி, ஒருவர் காதை ஒருவர் பழக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். தொழில்முறைக் கலைஞருக்கு எங்குமே கிடைக்காத பொருள் அந்த நேரம்தான்.

மார்ல்பரோ அதைத் தாராளமாகக் கொடுக்கிறது. கோடையில் ஏழு வாரம். எதை வாசிக்க ஆசை என்று கலைஞர்களிடமே கேட்டுக் குழு அமைக்கிறார்கள். கச்சேரித் தேதி எதையும் தலைக்கு மேல் தொங்கவிடுவதில்லை. உழைத்து உழைத்து, ஒரு படைப்பு மேடைக்குத் தயார் என்று குழுவுக்குத் தோன்றினால் வாரக் கடைசியில் வாசிக்கிறார்கள். தோன்றாவிட்டால் இல்லை. பயிலும் படைப்புகளில் ஒரு சிறு பகுதிதான் மேடை ஏறுகிறது. நிகழ்ச்சி நிரலே ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு முன்னால்தான் வெளிவரும். என்ன வாசிக்கப் போகிறார்கள் என்று தெரியாமலே ரசிகர்கள் சீட்டு வாங்குகிறார்கள். ரசிகர்களின் இந்த நம்பிக்கை இல்லாவிட்டால் அந்த ஏற்பாடு ஒரு கோடையைக்கூடத் தாண்டியிருக்காது.

சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றி அங்கே போய்வந்த எல்லோரும் சொல்கிறார்கள். காகிதக் கைத்துண்டுகளைச் சுருட்டி உருண்டையாக்கி ஒருவர்மேல் ஒருவர் வீசும் போர் அங்கே பெரிய சம்பிரதாயம். செர்கினே அதில் முன்னணிப் படைவீரர். வளாகத்துச் சாலையில் ‘எச்சரிக்கை: இசைக்கலைஞர்கள் விளையாடுகிறார்கள்’ என்ற பொருளில் ஒரு பலகை. கலைஞர்களின் குழந்தைகளும் கூடவே திரிவார்கள். மேதை என்று பெயர் வாங்கிய ஒருவரை உருண்டையால் அடித்துவிட்ட இளைஞனுக்கு, மறுநாள் காலை ஒத்திகையில் அவரை மறுத்துப் பேச வாய் வரும் என்பதை செர்கின் நன்றாக அறிந்தவர் என்றே நினைக்கிறேன்.

1960இல் செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் அங்கே வந்தார். வயது 83. பிராங்கோவின் ஆட்சியை ஏற்காமல் ஸ்பெயினைவிட்டு வெளியேறியவர். அந்த ஆட்சியை அங்கீகரித்த நாடுகளில் வாசிப்பதில்லை என்று வருடக்கணக்காக மேடையைத் துறந்திருந்தவர். கொள்கைக்காக இழந்தவர்கள் கட்டிய வீட்டுக்கு இன்னொரு இழந்தவர் வந்தார். 1973 வரை அவருக்கும் மார்ல்பரோவுக்கும் உறவு நீடித்தது. அந்த அக்டோபரில், 96 வயதில் மறைந்தார். நடத்துநர் இல்லாத ஊரில் அவர் ஒரு விதிவிலக்கு. அவர் நடத்திய இசைக்குழுவில் புகழ்பெற்ற கலைஞர்களும் அறிமுகமாகாத இளைஞர்களும் கலந்து உட்கார்ந்து வாசித்தார்கள்.

மார்ல்பரோ என்ன சாதித்தது என்று கேட்டால் குவார்னெரி நால்வர் குழுவைக் காட்டலாம். அர்னால்ட் ஸ்டெய்ன்ஹார்ட், ஜான் டேலி, மைக்கேல் ட்ரீ, டேவிட் சோயர் நால்வரும் 1964இல் அங்கேதான் ஒன்றுசேர்ந்தார்கள். நால்வர் குழுக்கள் எளிதில் உடைந்துபோகும். இவர்களோ 2001 வரை ஆளே மாறாமல் வாசித்தார்கள். அந்த வருடம் சோயர் ஓய்வுபெற, அவருடைய மாணவர் பீட்டர் வைலி அதே இருக்கையில் உட்கார்ந்தார். குழு 2009இல் விடைபெற்றது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். இடம் மிகச் சிறியது. ஒரு கோடையில் நூறு பேர்கூடக் கிடையாது. அதில் நுழைவதற்கே ஒருவர் ஏற்கெனவே தேர்ந்த கலைஞராக இருக்க வேண்டும். வசதியும் நல்ல ஆசிரியரும் வாய்க்காத பிள்ளைகளுக்கு மார்ல்பரோவால் நேரடியாகப் பயனில்லை. அந்தக் கேள்வியை வேறு கூடங்கள் கையில் எடுத்தன, அவற்றுக்கு வருவோம்.

2020இல் கல்லூரி மூடப்பட்டது. கொரோனாவால் அந்த வருடக் கோடையும் நடக்கவில்லை. வளாகம் கைமாறியபோது ரசிகர்கள் கலங்கினார்கள். நல்லவேளையாக, 2019லேயே கல்லூரியோடு போட்டிருந்த 99 வருடக் குத்தகை ஒப்பந்தம் கைகொடுத்தது. இப்போது மிட்சுகோ உச்சிடாவும் ஜோனதன் பிஸ்ஸும் சேர்ந்து வழிநடத்துகிறார்கள். இருவருமே பியானோ கலைஞர்கள், இருவருமே மார்ல்பரோவில் வாசித்து வளர்ந்தவர்கள்.

அங்கே கசால்ஸ் நடத்திய மொசார்ட்டின் நாற்பதாவது சிம்பொனி ஒலிப்பதிவாக இன்றும் கிடைக்கிறது. மெருகு குறைவு, வேகம் சில இடங்களில் முரடாகக்கூட இருக்கும். கிழவரின் முனகல் ஒலிவாங்கியில் பதிந்திருக்கிறது. அவசியம் கேளுங்கள்; முடிந்தால் இசை படிக்கும் உங்கள் பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். அடுத்த வாரம் டாங்கிள்வுட்.

(தொடரும்)