அடைத்த சாக்கடைக்கு ஆசிட் எதற்கு?

வயலுக்கு ஒரு சொட்டு இரசாயனம் போடமாட்டோம். பூச்சிக்கு இஞ்சி பூண்டு கரைசல், பயிருக்குப் பஞ்சகவ்யம், விதைக்குப் பீஜாமிர்தம் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். ஆனா அடுப்படித் தொட்டியில தண்ணி இறங்காம நின்னுட்டா போதும், கடைக்கு ஓடி ஒரு பாட்டில் ஆசிட் வாங்கியாந்து ஊத்திடுறோம். அந்தத் தண்ணி எங்க போகுது? கொல்லையில் நிற்கிற வாழைக்கும் தென்னைக்கும்தானே போகுது!

எங்க பக்கத்துத் தோட்டத்துல இப்படித்தான் ஒருமுறை நடந்தது. ஆசிட் ஊற்றிய மறுநாள், கழிவுநீர் விழுகிற இடத்தில் மண்புழுக்கள் மேலே வந்து செத்துக் கிடந்தன. "நாலு வருசமா சாணியும் தழையும் போட்டு வளர்த்த மண்ணுங்க, ஒரு பாட்டில்ல போச்சு" என்று அந்த அக்கா வருத்தப்பட்டார். அதனாலதான் வீட்டுச் சாக்கடையைப் பற்றி உழவர் இதழில் எழுதுகிறேன். இதுவும் நம்ம மண்ணைப் பற்றிய விசயம்தான்.

அடைப்பு எப்படி வருது?

அந்தக் காலத்து வீடுகளில் பாத்திரம் விளக்குகிற இடம் கொல்லைப்புறத்தில் இருந்தது. தண்ணீர் திறந்த சலதாரையில் ஓடி வாழைக்குப் போகும். சாம்பலும் தேங்காய் நாரும் விழுந்தாலும், விளக்குமாற்றால் ஒரு தள்ளு தள்ளினால் முடிந்தது. இப்போது தொட்டி வீட்டுக்குள் வந்துவிட்டது, சலதாரை இரண்டு அங்குலக் குழாயாகிவிட்டது. பழக்கம் மட்டும் மாறலை. சாம்பல் நல்ல பொருள்தான். ஆனால் மூடிய குழாயில் மணல் மாதிரி அடியில் படிந்துவிடும். அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும், பிசுக்கின்மேல் சோற்றுப் பருக்கையும் தேங்காய் நாரும் ஒட்டும். குளியலறையில் இதே வேலையை முடியும் சோப்பும் செய்கின்றன.

எண்ணெய் சூட்டில் இளகி ஓடும், குழாயில் ஆறியதும் இறுகிவிடும். தோசை மாவும் வடிகஞ்சியும் பசை போல அதைப் பிடித்துக்கொள்ளும். நாள்பட நாள்பட ஓட்டை சிறுத்து, ஒருநாள் தண்ணீர் மேலே ஏறி நிற்கும்.

வராமல் தடுப்பது

இதற்குச் செலவே கிடையாது, பழக்கம்தான்.

வடிகஞ்சியும் அரிசி களைந்த தண்ணீரும் மாட்டுக் கழுநீர்த் தொட்டிக்குப் போகட்டும். மாடு இல்லாத வீட்டில் செடிக்கு ஊற்றலாம். எண்ணெய்ச் சட்டியைக் கழுவும் முன் பழைய செய்தித்தாளால் துடைத்து, அந்தத் தாளை அடுப்பில் போடுங்கள். பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. தட்டில் மிஞ்சும் கறிவேப்பிலை, புளிச் சக்கை, டீத்தூள் எல்லாம் மக்குக் குழிக்கான சொத்து, குழாய்க்கு விடாதீர்கள். தொட்டி வாயில் ஒரு சல்லடை மூடி போட்டால் பாதி அடைப்பு தீர்ந்தது. சாம்பல் போட்டு விளக்குவதானால் வெளியே மண்தரையில் வைத்து விளக்குங்கள். வாரம் ஒருமுறை இரண்டு குடம் சுடுதண்ணீரைத் தொட்டியில் விடுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிவிசி குழாயும் அதன் பசை இணைப்பும் இளகிவிடும். கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும்.

புதிதாக வீடு கட்டுபவர்கள் கொத்தனாரிடம் இரண்டு விசயம் கேட்டு வாங்குங்கள். ஒன்று, வாட்டம். பத்தடிக்கு மூன்று அங்குலம் சரிவு இருக்கட்டும். இரண்டு, திருப்பங்களில் நேர் செங்கோண வளைவு வைக்காமல் சாய்வான வளைவு இரண்டு போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் மூடி போட்ட தொட்டி ஒன்று கட்டுங்கள். பின்னாளில் அடைப்பு எடுக்க அதுதான் வழி. குழாய் போகிற பாதையில் அரசு, ஆல், முருங்கை வைக்காதீர்கள். இணைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வேர் உள்ளே புகுந்துவிடும்.

அடைத்துவிட்டால்?

முதலில் அடைப்பு எங்கே என்று பாருங்கள். சமையல் தொட்டி மட்டும் நிற்கிறதென்றால் அதன் அடியிலேயே அடைப்பு. குளியலறையிலும் நின்றால் பொதுக் குழாயில் அடைப்பு. வெளியே உள்ள தொட்டியின் மூடியைத் திறங்கள். தொட்டி நிறைந்திருந்தால் அதற்கு அப்பால் அடைப்பு. காலியாக இருந்தால் வீட்டுக்கும் தொட்டிக்கும் நடுவில்.

சமையல் தொட்டிக்கு அடியில் குப்பி மாதிரி அல்லது வளைந்த குழாயாக ஒன்று தொங்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். கீழே ஒரு வாளி வைத்து, குப்பியைக் கையால் திருகிக் கழற்றிக் கழுவி மாட்டுங்கள். பெரும்பாலும் இதிலேயே வேலை முடிந்துவிடும்.

முடியலைன்னா, கைப்பிடி வைத்த ரப்பர் பம்பு கடையில் மலிவாகக் கிடைக்கும். ரப்பர் மூழ்கும் அளவு தொட்டியில் தண்ணீர் விட்டு, நிரம்பி வழியும் தண்ணீருக்கான சின்னத் துளையை ஈரத்துணியால் அடைத்து, இருபது முறை அழுத்தி இழுங்கள். அழுத்துவதைவிட வெடுக்கென இழுப்பதுதான் அடைப்பைப் பெயர்க்கும்.

வெளிக்குழாய் அடைப்புக்கு வளையக்கூடிய மூங்கில் பிளாச்சு அல்லது ஸ்பிரிங் கம்பி போதும். அதைக் கீழ்த்தொட்டிப் பக்கமிருந்து மேல்நோக்கி விடுங்கள். அப்போது உடைந்த அடைப்பு தண்ணீரோடு சேர்ந்து தானாக வெளியே வந்து விழும். வீட்டுப் பக்கமிருந்து மோட்டார் குழாயை வைத்து அடித்தால், அடைப்பு திறக்காதபோது சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே திரும்பிவிடும்.

சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றினால் நுரை பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சமன்படுத்திவிடும், இறுகிய அடைப்பு அசையாது. நம்ம சாணக் கரைசலும் அடைப்பை எடுக்காது. வடிகட்டாமல் ஊற்றினால் அதுவே அடைத்துக்கொள்ளும். அதை வயலுக்கே வையுங்கள்.

கடைப் பாட்டிலில் பெரும்பாலும் காஸ்டிக் சோடா அல்லது ஆசிட்தான் இருக்கும். அடைப்பு எடுக்காமல் குழாயிலேயே தங்கிவிட்டால், அடுத்து குப்பியைத் திறப்பவர் கையும் கண்ணும் வெந்துபோகும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் நச்சுவாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது

கழிவறைத் தொட்டி நிறைந்தால் "ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து இறக்குங்க" என்று சொல்பவர்கள் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் குழியில் ஐதரசன் சல்பைடு வாயு தேங்கி நிற்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கு அந்த நாற்றத்தை உணரும் திறனையே இழந்துவிடும். இறங்கியவர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்கியவரும் விழுவார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. வீட்டுக்காரரும் இதற்குள் வருவார். சாக்கடைக் குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், இன்னொரு மனிதரை நம் மலக்குழியில் இறக்க நமக்கு என்ன உரிமை? உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, நிரம்பி வழியும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

தண்ணீர் வாழைக்குப் போகட்டும்

எங்க வீட்டில் சமையலறைத் தண்ணீர் முதலில் இரண்டுக்கு இரண்டு அடித் தொட்டி ஒன்றில் விழுகிறது. வெளியேறும் குழாய் தொட்டிக்குள் கீழ்நோக்கி வளைந்து, தண்ணீர் மட்டத்துக்கு அடியில் வாய் வைத்திருக்கிறது. அதனால் எண்ணெய் மேலே மிதந்து நின்றுவிடும், அடியில் வண்டல் தங்கும், நடுத்தண்ணீர் மட்டும் போகும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மிதக்கும் பிசுக்கை அள்ளி, காய்ந்த சருகோடு கலந்து மக்குக் குழியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறோம். அடுத்து உடைகல் நிரப்பிய பள்ளத்தில் கல்வாழையும் சேம்பும் நட்டிருக்கிறோம். அதைத் தாண்டி வாழை.

இதில் கவனம் வேண்டியவை மூன்று. கழிவறைத் தண்ணீரை இதில் சேர்க்கக் கூடாது. இந்தத் தண்ணீரைக் கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் விடக் கூடாது. தேக்கியும் வைக்கக் கூடாது, ஒருநாள் போனாலே நாறும், கொசு வரும். சோப்புத்தூளில் உள்ள சோடியம் மண்ணை இறுக்கும் என்பதால் துணிக்கு முடிந்தவரை பூந்திக்கொட்டை, தலைக்குச் சீயக்காய் என்று மாறிக்கொண்டால் வாழைக்கும் நல்லது.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டைச் சுற்றி வந்து, உங்கள் கழிவுநீர் எங்கே தொடங்கி எந்த மண்ணில் முடிகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் ஒரு கை மண் எடுத்துப் பாருங்கள். மண்புழு இருந்தால் உங்கள் சாக்கடை சரியாக இருக்கிறது.