புனித பிலோமினா ஆலயம், கலாவாவோ
மொலோக்காய் தீவு, ஹவாய்

1866 முதல் ஹவாய் அரசு தொழுநோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து இந்தத் தீபகற்பத்தில் கொண்டுவந்து விட்டது. முன்னே கடல், பின்னே செங்குத்தான மலை. 1969 வரை நீடித்த இந்த ஒதுக்கலில் சுமார் 8,000 பேர் இங்கே அனுப்பப்பட்டார்கள்.

1873 மே மாதம் பெல்ஜியத்தைச் சேர்ந்த அருட்தந்தை தமியான் வந்தார்; வயது 33. நோயாளிகளோடு ஒரே பாத்திரத்தில் உண்டார், புண்களைக் கட்டினார், சவப்பெட்டியும் செய்தார்.

ஆலயத்தின் தரையில் உள்ள துளைகளைப் பாருங்கள். நோயின் கடுமையால் பலருக்கு அடிக்கடி துப்ப வேண்டியிருந்தது. அதற்காக யாரும் திருப்பலிக்கு வெளியே நின்றுவிடக் கூடாது. இலையைக் குழலாகச் சுருட்டி, இந்தத் துளைகளில் செருகித் துப்பினார்கள்.

தமியானையும் தொழுநோய் பற்றியது. 1889 ஏப்ரல் 15 அன்று இறந்தார். 1936இல் உடல் பெல்ஜியம் சென்றது. வலது கையின் எச்சங்கள் 1995இல் இங்கே திரும்பி வந்து, அவருடைய பழைய கல்லறையில் வைக்கப்பட்டன. 2009இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.