லாபமாகத் திரும்பிய முதல்

2019 ஜூன் மாதம் பெங்களூரு சிவாஜிநகரில், லாபப் பங்கு தருவதாகச் சொல்லி மக்களிடம் முதலீடு திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனத்தின் நகைக்கடை வாசலில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். நிறுவனர் துபாய்க்குப் போய்விட்டார் என்ற செய்தி ஊரெங்கும் பரவியிருந்தது. சிறு வியாபாரிகள், ஓய்வு பெற்றவர்கள், மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்தவர்கள் என்று சில வாரங்களில் 40,000 பேருக்கு மேல் புகார் கொடுத்தார்கள். புலனாய்வு அமைப்புகளின் கணக்கில், திரட்டப்பட்ட தொகை சுமார் 4,000 கோடி ரூபாய். ஜூலை 19 அன்று டெல்லியில் வந்திறங்கிய நிறுவனரை அமலாக்கத் துறை கைது செய்தது. அதற்குக் கைகொடுத்தது பணமோசடித் தடுப்புச் சட்டம்.

2002-இல் இயற்றப்பட்டு 2005 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. வங்கியில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் ரொக்கம் புழங்கினால் டெல்லியில் உள்ள நிதி நுண்ணறிவுப் பிரிவுக்குத் தகவல் போகும். தொகையைச் சிறுசிறு கூறுகளாக்கிக் கட்டினாலும், ஒன்றோடொன்று தொடர்புடையவை ஒரு மாதத்தில் அந்த வரம்பைத் தாண்டினால் அறிக்கை உண்டு. சந்தேகம் எழுந்தால் தொகை எவ்வளவு என்ற கேள்வியே இல்லை; அறிக்கை அனுப்ப வேண்டும், அனுப்பியதை வாடிக்கையாளரிடம் சொல்லவும் கூடாது. கோடிக்கணக்கான பரிமாற்றங்களுக்கு நடுவே குற்றத்தின் வடிவத்தைத் தேடும் வலை இது.

அப்படியானால் 2006-இல் தொடங்கிய ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 வரை வளர்ந்தது எப்படி?

கறுப்புப் பணம் வழக்கமாக மூன்று படிகளைக் கடக்கும். முதலில் நிதி அமைப்புக்குள் நுழையும். பிறகு பல கணக்குகளில் சுற்றித் தன் மூலத்தை மறைக்கும். கடைசியில் நிலமாகவோ நகையாகவோ வியாபாரமாகவோ மாறி நிற்கும். வங்கியின் காவல் முதல் படியில்தான் கடுமை. சிவாஜிநகரில் நுழைந்ததோ உழைத்துச் சேர்த்த, குற்றமற்ற பணம். கொடுத்தவருக்குப் பெயர் இருந்தது, முகவரி இருந்தது. குற்றம் என்று சொல்லப்படுவது பணம் உள்ளே வந்த பிறகே தொடங்கியது.

அதைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே தடயம் எளிய கணக்கு. உதாரணமாக, மாதம் 3 சதவீதம் லாபம் என்றால், அதை எடுக்காமல் விட்டுவைத்தால் முதல் 24 மாதத்தில் இரட்டிப்பாகும். எந்த நகைக்கடையும் ஆண்டுக்கு ஆண்டு அப்படிச் சம்பாதிப்பதில்லை. வியாபாரத்தில் லாபமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒருவர் கொடுத்த 100 ரூபாயிலிருந்தே மாதம் 3 ரூபாயை 33 மாதங்களுக்கு அவருக்குத் தர முடியும். இரண்டரை ஆண்டுக்கு மேல் தவறாமல் வந்த 'லாபம்' அவருடைய முதலாகவே இருக்கலாம். அந்தத் தவறாமைதான் உறவினரையும் அண்டை வீட்டாரையும் அழைத்துவரும். அவர்கள் கொண்டுவரும் பணம் காலத்தை இன்னும் நீட்டும்.

இன்னொரு திரையும் இருந்தது. முதலீட்டாளர்களை வைப்புதாரர்கள் என்று பதிவு செய்யாமல், வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய கூட்டாண்மையின் பங்காளிகள் ஆக்கினார்கள். வைப்பு என்றால் ரிசர்வ் வங்கியின் விதிகள் குறுக்கே வரும். பங்காளி என்றால் காகிதத்தில் அவரும் ஒரு முதலாளி.

காகிதத்தின் இந்தச் சக்தியை நவுரு தீவு உலகத்துக்கே காட்டியது. 21 சதுர கிலோமீட்டர் பரப்பு, சுமார் 10,000 மக்கள். பாஸ்பேட் வளம் தீர்ந்துவர, 1990-களில் அந்த நாடு வங்கி உரிமங்களை விற்றது. ஒரே தபால் பெட்டி முகவரியில் சுமார் 400 வங்கிகள் பதிவாகியிருந்தன. கட்டடமும் இல்லை, ஊழியரும் இல்லை. சர்வதேச நிதி நடவடிக்கைப் பணிக்குழு 2000-இல் நவுருவை ஒத்துழைக்காத நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. அந்த வங்கிகளை ஒழித்த பிறகே, 2005-இல் பெயர் நீங்கியது.

தீவில் காகிதம் வங்கியின் உரிமையாளரை மறைத்தது. சிவாஜிநகரில் பணத்தின் தன்மையை மறைத்தது. அதனால்தான் இன்றைய விதிகள் பெயர்ப்பலகையைத் தாண்டி உண்மைப் பயனாளியைக் கேட்கின்றன. ஒரு கம்பெனியில் 25 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவரை அடையாளம் காட்டினால் போதும் என்றிருந்த வரம்பை இந்தியா 2023 மார்ச்சில் 10 சதவீதமாகக் குறைத்தது. ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் தனிச் சட்டம் 2019-இல் வந்தது.

ஆனால் இவையெல்லாம் தாமதமாகவே வந்து சேர்கின்றன. 2019 ஜூன் கடைசியில் அமலாக்கத் துறை முடக்கிய சொத்து சுமார் 209 கோடி. திரட்டப்பட்டதாகச் சொல்லப்படும் தொகையில் இருபதில் ஒரு பங்குதான். வட்டி வாங்குவது இஸ்லாமிய மார்க்கத்துக்கு விரோதம் என்று நம்பிய பலர், லாபப் பங்கு என்ற வாக்குறுதியைத் தேடித்தான் அங்கே போனார்கள். வட்டியில்லா வங்கிச் சேவையை அறிமுகப்படுத்தும் யோசனையை மேற்கொண்டு தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் முடிவெடுத்திருந்தது. முறையான கதவு திறக்காத இடத்தில் முறையற்ற கதவு கூட்டம் சேர்க்கும். ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுவது அநியாயம். அவர்களின் மனசாட்சிக்கும் சேமிப்புக்கும் சேர்த்துப் பாதுகாப்புத் தரும் ஒரு வழியை நாம் இன்னும் அமைத்துத் தரவில்லை. அதை அமைப்பதும் பணமோசடித் தடுப்பின் ஒரு பகுதிதான். அதுவரை, யார் பணம் கேட்டாலும் ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் அவருக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். லாபம் எந்த வியாபாரத்திலிருந்து வருகிறது என்று கேளுங்கள்.