நீர் வடியும் நிலம்



ஒரே மேகம் பொழிந்த மழை இருவேறு வயல்களில் இருவேறு விதமாக நடந்துகொள்வதைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் எவரும் காணலாம். ஐப்பசி மாதத்தில் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள், பெரம்பலூரைச் சூழ்ந்த கரிசல் காட்டில் அடியெடுத்து வைத்தால் செருப்போடு மண்ணும் சேர்ந்தே எழும். அங்கே ஏர் பூட்டச் சில நாட்களாவது காத்திருக்க வேண்டும். அதே காலையில் ஜயங்கொண்டத்தை அடுத்த செம்மண் மேட்டிலோ, முந்திரித் தோப்புக்குள் கால் சேறாகாமல் நடந்துவிடலாம். இரண்டு ஊர்களுக்கும் இடையே எழுபது கிலோமீட்டர்கூட இல்லை. செம்மண்ணில் விழுந்த மழை எங்கே போயிற்று? அது போனதால் உழவனுக்கு வந்த ஆதாயம் என்ன, இழப்பு என்ன? இவற்றையே இன்று உங்களுடன் பேச எடுத்துக்கொண்டேன்.

மண் என்பது ஒரே பொருளன்று. பருமனில் வேறுபட்ட மூன்று வகைத் துகள்களின் கலவை அது. இரண்டு மில்லிமீட்டர் முதல் 0.05 மில்லிமீட்டர் வரை குறுக்களவுள்ளவை மணல். அதற்கும் கீழே 0.002 மில்லிமீட்டர் வரை உள்ளவை வண்டல். அதனினும் நுண்ணியவை களி. மூன்றும் ஒன்றையொன்று மிஞ்சாமல் கலந்திருக்கும் நிலத்தை நம் உழவர்கள் இருவாட்டி என்பர். அவ்விருவாட்டியில் மணலின் கை ஓங்கியிருந்தால் அது மணற்பாங்கான இருவாட்டி. அதை ஈரத்துடன் கையில் பிடித்தால் உருண்டை ஆகும். விரலால் தட்டினால் உதிர்ந்துவிடும். கரிசலை அவ்வாறு பிடித்தால் உருண்டையும் ஆகும், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அழுத்தினால் நாடாவைப் போல நீளவும் செய்யும். ஆய்வுக்கூடம் இல்லாமலே மண்ணை அறியும் முதற்பாடம் இதுவே.

இரண்டாவது பாடத்துக்கு ஒரு கண்ணாடிப் புட்டி போதும். அதில் கால் பங்கு மண்ணையும் முக்கால் பங்கு நீரையும் இட்டு நன்றாகக் குலுக்கி, அசையாமல் வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் படிந்துவிடும். வண்டல் படியப் பல மணி நேரம் ஆகும். களியோ நாட்கணக்கில் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். காரணம் எளிது. அசைவற்ற நீரில் நுண்துகள் விழும் வேகம் அதன் குறுக்களவின் இருமடியைப் பொறுத்தது. குறுக்களவு பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகும். 0.05 மில்லிமீட்டர் மணல் பத்து சென்டிமீட்டர் ஆழம் இறங்க முக்கால் நிமிடம் போதும், 0.002 மில்லிமீட்டர் துகளுக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம் வேண்டும்.

புட்டியில் நிகழ்ந்த இதே பிரிவினையைத்தான் ஆறுகளும் கடலும் இவ்விரு மாவட்டங்களில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் செய்திருக்கின்றன. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாக ஜயங்கொண்டத்துக்குப் பேருந்தில் செல்லும்போதெல்லாம் சன்னல் வழியே மண்ணின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே செல்வது என் வழக்கம். மேற்கே பச்சைமலையும் அதன் அடிவாரமும் மிகப் பழமையான கெட்டிப் பாறைகளால் ஆனவை. அவற்றுக்குக் கிழக்கே உள்ள நிலம், 14 கோடி முதல் 6½ கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கிரெட்டேசியஸ் காலத்தில் பலமுறை கடலாக இருந்தது. அக்காலத்து ஆறுகள் மலையை அரித்துக் கொணர்ந்தவற்றில் பருமணலைக் கரையோரம் விட்டு, களியை ஆழ்கடலுக்கு அனுப்பின. காரை, கொளக்காநத்தம் பக்கத்தில் புல்லும் முளைக்காமல் ஓடை ஓடையாக அரிக்கப்பட்டுக் கிடக்கும் களிமண் மேடுகள் அந்தக் கடலின் அடித்தரையே. சாத்தனூரில் 1940ஆம் ஆண்டு எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, பதினெட்டு மீட்டர் நீளமுள்ள கல்மரம் அக்கடலில் அடித்துவரப்பட்டுப் புதைந்த ஒரு மரம். அரியலூரின் சிமெண்ட் ஆலைகளுக்கு உணவாகும் சுண்ணாம்புக்கல்லும் அக்கடலின் கொடையே. களியும் சுண்ணாம்பும் மிகுந்த இப்பாறைகள் சிதைந்த இடங்களில் கரிசல் உண்டாயிற்று.

இன்னும் கிழக்கே, செந்துறை, ஆண்டிமடம், ஜயங்கொண்டம் பகுதிகளில் நிலம் மீண்டும் சிவக்கிறது. இங்கே இருப்பது கடலூர் மணற்கல் எனப்படும் இளைய படிவு. பெரும்பாலும் மயோசீன் காலத்தை ஒட்டி, ஓடும் ஆறுகள் பரப்பிய மணலும் சரளையும் இறுகி உண்டானது. வேகமாக ஓடும் நீர் மணலைக் கீழே போடும். களியை உடன் கொண்டுபோகும். ஆகவே, இங்கே தங்கியது பெரும்பாலும் பருந்துகள். அது சிதைந்து உண்டானதே நாம் பேசும் நீர் வடியும் செம்மண். தெற்கே திருமானூரிலும் தா. பழூரிலும் கொள்ளிடம் கொண்டுவந்த புதிய வண்டலில் நெல் விளைகிறது. ஒரு சிறு நிலப்பரப்புக்குள் இத்தனை மண்கள் இருப்பதன் இரகசியம் இதுதான்.

இப்படிவுகளை வகுத்து ஆராய்ந்தவர், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு. 1862இல் வெளிவந்த அவருடைய அறிக்கையே ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் பாறைத் தொகுதிகளை உலகறியச் செய்தது. அதற்கு முன்னரே, 1856இல், அவரும் அவர் தமையனார் வில்லியமும் தியோபால்டும் ஒடிசாவின் தால்ச்சேரில் பெரும் பாறாங்கற்களும் நுண்களியும் ஒன்றாகக் கலந்து கிடந்த படிவைக் கண்டு, அது பனிக்கட்டியின் வேலையாகவே இருக்க வேண்டும் என்று கூறியிருந்தனர். ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தில் பனியாறுகள் இருந்தன என்னும் உண்மைக்கு அதுவே முதற் சான்று.

பனிக்கட்டி தானாகப் பிரிப்பதில்லை. கல்லையும் களியையும் ஒருங்கே சுமந்து ஒருங்கே இறக்கிவிடும். ஆனால், பனி உருகி நீராய் ஓடத் தொடங்கியதும் பிரிவினை தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் உச்சத்தில் இருந்த கடைசிப் பனிக்காலம் முடிவுற்றபோது, உருகிய நீர் டென்மார்க்கின் மேற்குப் பகுதியிலும் வட ஜெர்மனியிலும் அமெரிக்காவின் விஸ்கான்சினிலும் மணலையும் சரளையையும் பரப்பிவிட்டுக் களியைக் கொண்டுபோயிற்று. அங்கும் நீர் விரைந்து வடியும் மணற்பாங்கான நிலங்கள் உண்டாயின. மணலைச் சுமந்தது பனியாறாயினும் காட்டாறாயினும், அதைப் பிரித்தது ஓடும் நீரே. வேறுபாடு வயதில்தான். அவர்கள் மண் மிக இளையது. நம் மண்ணோ வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் வெந்து கரைந்தது. அதனால் உரச்சத்துகள் பெரும்பாலும் கழுவப்பட்டு, இரும்பு மட்டும் துருவாகித் தங்கிவிட்டது.

அந்தத் துருவே செம்மையின் காரணம். இந்த நிறத்தை நான் ஒரு நற்சான்றிதழ் என்பேன். இரும்பு சிவக்கக் காற்று வேண்டும். நீர் தேங்கி நிற்கும் நிலத்தின் அடிமண்ணைத் தோண்டிப் பார்த்தால் சாம்பல் நிறமும் மங்கிய புள்ளிகளும் காணப்படும். ஆழம் வரை ஒரே சீராகச் சிவந்த மண்ணில் நீர் தங்குவதில்லை, காற்று உலாவுகிறது என்பது பொருள். வேரும் மூச்சுவிடும் உறுப்பல்லவா? பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்த முந்திரி, நீர் தேங்கினால் வாழாது. ஆழ வேரோடும் இம்மேட்டில் அது செழித்தது. மணிலாக்கொட்டை என்று வழங்கும் நிலக்கடலையும் அப்படியே. அதன் பூ மேலே மலர்ந்தாலும், கருவுற்ற பின் ஒரு விழுது மண்ணுக்குள் இறங்கித்தான் காய் பிடிக்கிறது. இளகிய மண் அவ்விழுதுக்கு வழிவிடும். அறுவடைக் காலத்தில் செடியைப் பிடித்து இழுத்தால் காயோடு வரும். கெட்டித்த களியில் காய் மண்ணுக்குள்ளேயே அறுந்து தங்கிவிடும்.

இது நன்மை. இனி, அதன் விலையைப் பாருங்கள். மணற்பாங்கான இருவாட்டி ஒரு மணி நேரத்தில் 20 முதல் 30 மில்லிமீட்டர் மழையை உட்கொள்ளும். வெடிப்புகள் மூடி உப்பிய களிமண் 5 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்பது அரிது. ஆனால், உட்கொண்டதை நிறுத்திவைக்கும் திறன் களிக்கே உரியது. ஒரு கிராம் மணலின் மேற்பரப்பு ஒரு சதுர அடிகூட இராது. கரிசலில் உள்ள நுண்களி ஒரு கிராமின் மேற்பரப்போ பல நூறு சதுர மீட்டர். நீரும் சத்தும் ஒட்டியிருப்பது அப்பரப்பில்தான். ஒரு மீட்டர் ஆழமுள்ள மணற்பாங்கான இருவாட்டி, பயிர் உறிஞ்சத்தக்க நீராக 100 முதல் 120 மில்லிமீட்டர் வரையே வைத்திருக்கும். நிலக்கடலையின் வேர் அதில் பாதி ஆழத்துக்குப் பரவுகிறது என்றும், நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் செலவாகிறது என்றும் கொண்டால், மழை நின்ற பத்துப் பன்னிரண்டு நாட்களில் கையிருப்பு தீர்ந்துவிடும். அதற்கு முன்பே செடி வாடத் தொடங்கும். மானாவாரி உழவன் வானத்தைப் பார்ப்பதன் கணக்கு இதுவே.

நீர் மட்டும் வடிவதில்லை, உரமும் வடிகிறது. யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. களித்துகளைப் போலவே நைட்ரேட்டும் எதிர்மின்னேற்றம் உடையது. ஆகவே மண் அதைப் பற்றிக்கொள்வதில்லை. வேர் உண்டதுபோக எஞ்சியது நீரோடு கீழிறங்கிக் கிணற்றை அடைகிறது. விஸ்கான்சினின் மணல் நிலங்களில், உருளைக்கிழங்குக்கும் மக்காச்சோளத்துக்கும் இட்ட உரம் குடிநீர்க் கிணறுகளைக் கெடுத்தது நன்கு ஆராயப்பட்ட செய்தி. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் இருத்தல் ஆகாது என்பது நம் நாட்டின் தரவரையறை. அதிக நைட்ரேட் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துவிடும். மேலே இறங்கும் மழைதான் கீழே மணற்கல்லில் ஊற்றாகச் சேர்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரும், கடலூர் மணற்கல் வெளித்தோன்றும் மேடுகளில் இறங்கிய மழையே. ஆகவே, வயலில் செய்வது வயலோடு முடிவதில்லை.

இதற்கு மருந்தை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கோடையில் ஏரி வற்றியதும் வண்டி வண்டியாக வண்டலை அள்ளி மேட்டு நிலத்தில் கொட்டினார்கள். மணலிலிருந்து ஓடும் நீர் பிரித்துக்கொண்டுபோய் ஏரியில் சேர்த்த நுண்களியை மனிதன் மீண்டும் வயலுக்குக் கொணர்கிறான்! இதனினும் சிறந்த மண்ணியல் பாடம் உண்டோ? தொழு உரமும் தழை உரமும் அவ்வாறே நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும். இரசாயன உரத்தை ஒரே தவணையில் கொட்டாமல், பயிர் உண்ணும் அளவறிந்து சிறுகச் சிறுக இடுவது செலவையும் குறைக்கும், கிணற்றையும் காக்கும். மேல்மண்ணின் ஒரு சாண் ஆழத்தில்தான் மட்கு பெரும்பாலும் இருக்கிறது. அதைச் சுரண்டி விற்றுவிட்டால், எஞ்சுவது சரளையே.

மாணவர்களே, உங்கள் ஊர் மண்ணை நான் சொன்ன புட்டியில் இட்டுப் பாருங்கள். வீட்டுத் தோட்டத்து மண்ணையும் ஏரி வண்டலையும் தனித்தனியே குலுக்கி, படிந்த அடுக்குகளை அளவுகோலால் அளந்து குறித்துவையுங்கள். நல்ல மண், கெட்ட மண் என்று பிரித்துப் பேசுவது எளிது. கரிசல் நீரைக் காக்கும், ஆனால் வேருக்குக் காற்றைத் தடுக்கும். செம்மண் காற்றைத் தரும், ஆனால் நீரைக் காக்காது. எந்த நிலத்துக்கு எது குறைவோ அதை அறிந்து கொடுப்பதே உழவு. அதை அறிவதற்கு முதற்படி, மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்ப்பதுதான்.