பர்ஸ்டன் பள்ளி தரும் பாடம்

இங்கிலாந்து என்றால் அரண்மனையும் பிரபுக்களும்தான் பலருக்கு நினைவு வரும். அங்கேயும் கூலிக்கு ஏர் பிடித்தவன் உண்டு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பண்ணைக்காரன் முகம் சுளிப்பானோ என்று அஞ்சியவன் உண்டு. அவன் அச்சத்தை உதறி எழுந்த கதை ஒன்றைத் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நார்ஃபோக் மாவட்டத்தில் டிஸ் என்ற சிறு நகரை அடுத்துள்ளது பர்ஸ்டன் கிராமம். 1911ஆம் ஆண்டு அங்குள்ள பள்ளிக்கு இரு ஆசிரியர்கள் வந்தார்கள். தலைமையாசிரியை ஆனி ஹிக்டன். அவருக்குத் துணையாசிரியர் அவருடைய கணவர் டாம் ஹிக்டன். இதற்கு முன் உட் டாலிங் என்ற ஊரில் பணியாற்றியபோது, படிக்கும் பிள்ளைகளைப் பண்ணையார்கள் வயல் வேலைக்கு இழுத்துக்கொள்வதை எதிர்த்தவர்கள் அவர்கள். டாம் உழவுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. போன இடமெல்லாம் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்தவர். ஆண்டைகளுக்குப் பிடிக்குமா?

1913இல் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தேர்தல் வந்தது. டாம் ஹிக்டன் எல்லோரையும்விட அதிக வாக்கு வாங்கினார். ஊர்ப் பாதிரியார் தோற்றார். அந்தப் பாதிரியார்தான் பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவர்! பஞ்சாயத்தில் விட்டதைப் பள்ளியில் பிடிக்கப் புறப்பட்டது நிர்வாகம்.

குற்றப்பத்திரிகை தயாரானது. என்ன குற்றம்? மழையில் நனைந்து வந்த பிள்ளைகளின் துணி உலர, அனுமதி கேட்காமல் கணப்பு மூட்டினாராம் ஆசிரியை. நிர்வாகிகளிடம் மரியாதையாக நடக்கவில்லையாம். இரண்டு சிறுமிகளைப் பிரம்பால் அடித்தாராம். கடைசிக் குற்றச்சாட்டை அவர் அடியோடு மறுத்தார். ஆயினும் மாவட்டக் கல்விக் குழு இருவரையும் வேலையிலிருந்து நீக்கியது.

1914 ஏப்ரல் 1. புதிய ஆசிரியர்கள் பொறுப்பேற்கும் நாள். அன்று 72 பிள்ளைகளில் 66 பேர் பள்ளிக்குள் போகவில்லை! பதின்மூன்று வயது வயலட் பாட்டர் முன்னே நடக்க, எங்கள் ஆசிரியர் எங்களுக்கு வேண்டும் என்று அட்டை பிடித்து ஊரைச் சுற்றி வந்தார்கள். திடலில் பாடம் தொடங்கியது. பின்னர் ஒரு தச்சுப்பட்டறை பள்ளிக்கூடமாயிற்று.

அதிகாரம் கைகட்டி நிற்குமா? பிள்ளையை அரசுப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று பெற்றோர் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டனர். அபராதம் விழுந்தது. கூட்டம் போட்டு வசூலித்துக் கட்டினார்கள். மீண்டும் அபராதம், மீண்டும் கட்டினார்கள். தேவாலய நிலத்தைக் குத்தகைக்கு உழுத ஏழைகளை, பாதிரியார் அந்த நிலத்திலிருந்து வெளியேற்றினார். காணி போயிற்று; பிள்ளைகள் திரும்பவில்லை. கூலிக்காரன் குடிசைக்குள் இவ்வளவு உறுதி இருக்கும் என்று மேலிடத்தார் எண்ணிப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

ஊரின் உறுதி மட்டும் போதுமா? கூரை வேண்டும், பலகை வேண்டும், ஆசிரியருக்குச் சோறு வேண்டும். அந்தக் கை வெளியிலிருந்து வந்தது. ரயில்வே தொழிலாளர் சங்கம் கொடுத்தது. சுரங்கத் தொழிலாளர் கொடுத்தார்கள். பல நகரங்களின் சங்கங்கள் கொடுத்தன. பர்ஸ்டனைக் கண்ணால் காணாதவன், பூமிக்கடியில் நிலக்கரி வெட்டியவன், தன் கூலியில் கிள்ளிக் கொடுத்தான்! அந்தக் காசில் எழுந்த புதிய கட்டடம் 1917 மே 13ஆம் நாள் திறக்கப்பட்டது. திறந்து வைத்தது சீமானா, அமைச்சரா? இல்லை. அணிவகுப்புக்கு முன்னே நடந்த அதே வயலட் பாட்டர்! பணம் தந்தோர் பெயர்கள் முகப்புக் கல்லில் வெட்டப்பட்டன.

அந்த வேலைநிறுத்தப் பள்ளி இருபத்தைந்து ஆண்டு நடந்தது. 1939இல் டாம் ஹிக்டன் மறைந்தார். ஆனி அம்மையார் முதுமையில் தனித்து நடத்த இயலாமல் பள்ளி மூடப்பட்டது. எஞ்சியிருந்த சில பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குப் போனார்கள். 1946இல் அம்மையாரும் மறைந்தார்.

இந்த முடிவையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. கட்டடத்துக்குப் பணம் திரட்டினார்கள்; அபராதத்துக்குப் பணம் திரட்டினார்கள். அந்த இருவருக்குப் பின் பள்ளியை ஏந்த அடுத்த கை ஆயத்தமாக இல்லை. நல்ல தலைவர் கிடைப்பது பேறு. அவருக்குப் பின்னும் பணி நடக்குமாறு ஆளை வளர்ப்பது கடமை. பேற்றை நம்பிக் கடமையை மறந்த இயக்கம், எவ்வளவு வீரம் காட்டினாலும், ஒருவர் மூச்சோடு ஓய்ந்துவிடும்.

ஆனால் வீண் போயிற்று என்று சொல்வோமா? சொல்ல மாட்டோம். இருபத்தைந்து ஆண்டுப் பிள்ளைகள் அங்கே தலை நிமிர்ந்து படித்தார்கள். அந்தக் கட்டடம் இன்று நினைவுக்கூடம். 1980களிலிருந்து செப்டம்பர் முதல் ஞாயிறன்று தொழிற்சங்கத் தோழர்கள் கொடியேந்தி அந்தத் திடலில் கூடும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது.

பள்ளிக்கூடம் யாருக்குச் சொந்தம்? நிலம் வைத்திருப்பவனுக்கா, நாற்காலியில் அமர்ந்திருப்பவனுக்கா? அங்கே உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கும், அந்தப் பிள்ளைக்காகக் காணியை இழந்த தகப்பனுக்கும் சொந்தம். பர்ஸ்டன் அப்படித்தான் தீர்ப்பளித்தது. அதுவே நம் தீர்ப்பும்.